கடப்பாக்கல் மேல் வைத்த கார்

முதல் ஸ்க்ரூவிலேயே மரையை அறுத்துவிட்டேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய தலை. அதன் குழியில், பெட்டியோடு வந்த வளைந்த திருகு சாவியை விட்டுத் திருகினேன், இறங்கிக்கொண்டே போனது. அடியில் முட்டியதும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு முறுக்குக் கொடுத்தேன். பிளாஸ்டிக்குக்குள் மொறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சாவி சும்மா சுற்றியது.

"கொன்னுட்டியா?" என்றாள் என் மகள்.

நாலு நாளாக வாயைத் திறக்காதவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவளுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கும்மிடிப்பூண்டியில் அவள் புருஷன் முறித்த கை அது. விழுந்தேன், வழுக்கிற்று என்றெல்லாம் ஆஸ்பத்திரியில் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்த பெண் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் சொன்னாள், ஈரத்துணி பிழிகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான் என்று. அதோடு வாயை மூடிக்கொண்டவள்தான். காரணம் அவள் மடியில் இருந்த அந்த அட்டைப்பெட்டி.

பெட்டிக்குள் ஒரு கார் இருந்தது. முழுக் கார் இல்லை, துண்டு துண்டாக இருந்தது. ரிமோட்டில் ஓடுகிற கார். ரோட்டில் ஓடும் காரைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. டூரிங் கார் என்று பெயராம். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். என் மகள் கும்மிடிப்பூண்டியில் ஒரு பேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறாள். உருப்படி சரியான அளவில் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கிற வேலை. அவளோடு வேலை செய்கிற ஐந்தாறு பேர், ஆணும் பெண்ணும், ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிக்கிடக்கிற ஒரு பழைய ரோலிங் மில்லின் சிமெண்டுத் தரையில் இந்தக் கார்களை ஓட்டுவார்கள். இவள் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போய் ஒரு சுற்று ஓட்டியிருக்கிறாள். உனக்குக் கை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத் தன் சம்பளத்தில் ஒரு பெட்டி வரவழைத்தாள்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, "எவன் வாங்கிக் குட்த்தான்?" என்று கேட்டிருக்கிறான். "நானே வாங்கினேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிலுக்குத்தான் கை போயிற்று.

துணி எதுவும் எடுத்து வரவில்லை. செருப்புகூட ஜோடி மாறியிருந்தது. முறிந்த கையை மார்போடு வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அந்தப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, பஸ் மாறி மாறி காக்களூருக்கு வந்து என் வாசலில் நின்றாள்.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை உதடு கிழிந்து வந்தாள். இரண்டாம் தடவை காதில் அறைந்து, காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி சத்தம் நிற்காமல் வந்தாள். இரண்டு தடவையும் அவன் பெரியப்பா தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், பூ. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண்ணைப் பெற்றவள் அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. தட்டில் இருக்கிற பூவைப் பெண்ணின் தலையில் வைத்து அனுப்பிவிட வேண்டும். இரண்டு தடவையும் தட்டை வாங்கியது நான். பூ வைத்ததும் நான். பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் "பாத்து எறக்கி வுடுப்பா" என்று சொன்னதும் நான்.

எனக்கும் கல்யாணம் ஆன புதிதில் அடி விழுந்தது. நானும் திருப்பி அடித்தேன். ஒருதடவை வீட்டுக்காரர் மண்டையில் சொம்பால் போட்டேன், மூன்று தையல். அப்புறம் அவர் கை நீளவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நான் தாங்கிக்கொண்ட மாதிரி, நான் நிமிர்ந்த மாதிரி, இவளும் நிமிர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். வாழாவெட்டி என்று என் வாசலைப் பார்த்து ஒருத்தி சொல்லிவிடக் கூடாது என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் வந்த நாலாம் நாள் காலை பெரியப்பா போன் செய்தார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், தட்டோடு வருகிறோம் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ம்" என்றேன். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். ஒன்றை எடுத்து ஒற்றைக் கையால் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பல்லில் கடித்து இழுத்தாள். நாய் எலும்பை இழுக்கிற மாதிரி தலையை ஆட்டி ஆட்டி இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரியவில்லை.

"குடுடி" என்று பிடுங்கினேன். அப்படித்தான் நான் இதில் மாட்டினேன்.

என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எனக்கு இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இங்கே காக்களூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், பவர் பிரஸ் ஓட்டினேன். மேலிருந்து இரும்பு இறங்கும், கீழே வைத்த தகட்டை வெட்டும். இறங்க வேண்டுமென்றால் இரண்டு பட்டனை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் வெட்டுக்குள் கை போகாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் வேலை ஏறாது. அதனால் நாங்கள் எல்லாருமே சைக்கிள் டியூபை நாடா மாதிரி கிழித்து இடது பட்டனை அமுக்கினபடிக் கட்டிவிடுவோம். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். சூப்பர்வைசருக்கும் தெரியும், கண்டும் காணாமல் போவார். கட்டியது நான்தான், என் கையாலேயே கட்டினேன். பிரஸ் ஒருநாள் இறங்கியபோது இரண்டு விரலும் தகட்டோடு போயின. சத்தம் மாறவே இல்லை. எப்போதும் விழுகிற அதே தட் சத்தம்தான். கீழே பார்த்தபிறகுதான் தெரிந்தது.

ஆக, எனக்கு வலது கை முழுசு. மகளுக்கு இடது கை முழுசு. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள்.

பெட்டியோடு ஒரு புத்தகம் வந்தது. தமிழ் இல்லை. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் அந்தப் புத்தகம் எனக்குப் படித்தவர்கள் புத்தகம் மாதிரி தெரியவில்லை. எல்லாம் படம். எந்த ஸ்க்ரூ எங்கே போகிறது என்று கோடு போட்டுக் காட்டியிருந்தான். ஸ்க்ரூவின் படத்தை நிஜ அளவிலேயே போட்டிருந்தான். கையில் இருப்பதைப் படத்தின் மேல் படுக்கவைத்துப் பார்த்தால் போதும், சரியா தப்பா தெரிந்துவிடும். பைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து. அந்த எழுத்தெல்லாம் பிரஸ் ஷாப்பில் தொட்டிகளில் பார்த்தவைதான்.

"இத்த எழுதனவன் புத்திசாலி" என்றேன்.

"நீதான் அறுத்து வச்சிக்கீற" என்றாள் மகள்.

மரை அறுந்த இடத்தில் ஒரு சொட்டுப் பசை விட்டு, அது காய்ந்தபிறகு மெதுவாகத் திருகச் சொன்னாள். முடுக்கி முடித்ததும் கால் சுற்றுப் பின்னால் விடு, மறுபடி முன்னால் போ என்றாள். பிளாஸ்டிக்குக்குக் கோபம் ஆகாது என்றாள். எனக்கு ஆகுமா என்று நான் கேட்கவில்லை.

கியர்ப் பெட்டி முதலில். சின்னச் சின்னப் பல் சக்கரங்களை உள்ளே அடுக்கி, விளக்கெண்ணெயைவிடத் தடிப்பான ஒரு எண்ணெயை ஊற்றி மூட வேண்டும். அப்புறம் இரண்டு பெல்ட், தையல் மிஷின் பெல்ட்டைவிட மெல்லிசு, முன் சக்கரத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று. அப்புறம் நாலு டேம்பர், பைக்கில் குலுக்கலை வாங்கிக்கொள்கிற ஷாக் அப்சார்பர் மாதிரி. அதுதான் என்னைக் கொன்றது. என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய். அதில் எண்ணெய் ஊற்றி, தண்டை மேலும் கீழும் மெதுவாக இழுத்தால் உள்ளிருந்து குமிழ் குமிழாகக் காற்று வரும். எல்லாம் வரும்வரை காத்திருந்து மூட வேண்டும். முதலாவதை அவசரமாக மூடினேன். அமுக்கிப் பார்த்தபோது உள்ளே பிசுக் பிசுக் என்று சத்தம்.

"காத்த உள்ள வச்சி மூடிட்ட" என்றாள்.

"உனுக்கு எல்லாம் தெரிஞ்சா நீயே பண்ணேன்டி."

"கை குடு. பண்றேன்."

நான் டேம்பரை மறுபடி திறந்தேன்.

மோட்டாரின் பல்லுக்கும் பெரிய சக்கரத்தின் பல்லுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். அதிகம் விட்டால் பல்லைத் தின்றுவிடும், குறைத்தால் மோட்டாரைக் கொளுத்திவிடும். நடுவில் மெல்லிய காகிதம் ஒன்றைக் கொடுத்து அழுத்தி முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவ வேண்டும் என்றாள். காகிதம் தேடினேன். அவள் இடது கையாலேயே தன் பர்ஸைத் திறந்து ஒரு பஸ் டிக்கெட்டை நீட்டினாள். அவள் வந்த அன்றைய டிக்கெட். நான் வாங்கிப் பல்லுக்கு நடுவில் கொடுத்தேன். சக்கரத்தைச் சுற்றியதும் கடித்துக் கடித்து மறுபக்கம் வெளியே வந்தது, ரம்பம் மாதிரி பல் பதிந்து. அதை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் அவன் போன் செய்துகொண்டே இருந்தான். ஒருநாள் மகள் எடுத்தாள். நான் அப்போது மேல் தட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். காரின் அடித்தட்டுக்கு மேலே நீளமாக ஒரு தட்டு, எட்டு ஸ்க்ரூ. போனில் அவன் குரல் எனக்கே கேட்டது. முதலில் குழைந்தான். அப்புறம், "ஒரு கையோட வுட்டேன்னு சந்தோஷப்படுடி" என்றான். நான் முடுக்கினேன். "உங்க ஆத்தாவே உன்ன அனுப்பி வைப்பா பாரு, அதுக்குப் பழக்கம்தானே" என்றான். அடுத்த ஸ்க்ரூவை முடுக்கினேன். அதற்கடுத்தது. பக்கத்துப் பக்கத்தில், வரிசையாக, பல்லைக் கடித்துக்கொண்டு எட்டையும் முடுக்கினேன். ஒன்றும் அறுபடவில்லை. அதனால் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மேல்கூடு கண்ணாடி மாதிரி இருந்தது. உள்பக்கம்தான் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம், வெளியே அடித்தால் முதல் மோதலிலேயே உரிந்துவிடும். சிவப்பு அடிக்கலாம் என்றேன். வேண்டாம் என்றாள். மஞ்சள் என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் பிரஸ்ஸுக்கு அடிக்கிற பச்சையை அடித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடித்து எஸ்டேட்டுக்குள் போனோம். லாரி இல்லை, ஆள் இல்லை, நீளமான சிமெண்டு ரோடு. ரிமோட் துப்பாக்கி மாதிரி இருந்தது. இடது கையில் பிடித்து விரலால் விசையை இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும். வலது பக்கம் ஒரு சின்னச் சக்கரம், அதைத் திருப்பினால் கார் திரும்பும். விசை அவள் கையில், சக்கரம் என் கையில். ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம்.

"ரெடியா?"

"இழு."

இழுத்தாள். அது போன போக்கை என்னவென்று சொல்வது. பொம்மை மாதிரி போகும் என்று நினைத்திருந்தேன். அது போகவில்லை, பாய்ந்தது. கத்தியை வீசின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், அது ரோட்டின் அந்தக் கோடியில் இருந்தது. அடுத்த இழுப்பில் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. நான் இடது பக்கம் திருப்பினேன். அவள் பிரேக் பிடித்தாள். பிரேக் பிடித்ததும் இடது பக்கமே பாய்ந்தது. நான் வலது பக்கம் ஒடித்தேன், அவள் பயத்தில் விசையை இழுத்துவிட்டாள். காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி, மல்லாந்து, மேலே எழும்பி, இரண்டு தடவை சுருண்டு விழுந்தது. சக்கரம் நாலும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தன.

"இன்னாத்துக்கு ஒடிச்ச நீ?"

"நீ இன்னாத்துக்கு இழுத்த?"

"வேகம் குட்த்தா சோத்துக்கை பக்கம் போது, புடிச்சா பீச்சாங்கை பக்கம் போது. உடம்பே முறுக்கிக்கினு கீது அதுக்கு. மேல் தட்ட எப்படி முடுக்கின?"

நான் போய்க் காரை நிமிர்த்தினேன்.

"வரிசையா முடுக்கினியா?"

காரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எங்கள் சமையற்கட்டில் மேடைக்குப் போட்ட கடப்பாக்கல் ஒன்று உண்டு. கருப்பு, வழவழப்பு, மட்டம் பிசகாது. காரை அதன்மேல் வைத்தாள். கத்தி நுனியை முன்பக்கத்தின் நடுவில் கொடுத்து மெதுவாகத் தூக்கினாள். முன் சக்கரம் இரண்டும் ஒன்றாக எழும்ப வேண்டும். இடது சக்கரம் எழும்பி வெகுநேரம் கழித்துத்தான் வலது எழும்பியது. நொண்டி நாய் மாதிரி மூன்று காலில் நின்றது.

எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. பிரஸ்ஸில் டை என்கிற வெட்டு அச்சைப் பூட்டும்போது போல்ட்டை எதிரெதிராகத்தான் முடுக்க வேண்டும். இந்த மூலை, அப்புறம் எதிர் மூலை, எல்லாவற்றையும் பாதி, அப்புறம் முழுசு. வரிசையாக முடுக்கினால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். புதிதாக வந்த எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கோபத்தில் என் கை அதை மறந்துவிட்டது.

"முறுக்கினத இன்னும் முடுக்கினா நேராவாது" என்றாள். "எல்லாத்தையும் அவுத்து வுடணும். அதுவா படியட்டும். அப்பறம் முடுக்கு."

எட்டையும் தளர்த்தினேன். கல்லின் மேல் காரை உள்ளங்கையால் அழுத்தினாள். எதிரெதிராக, பாதிப் பாதியாக முடுக்கினேன். கத்தி நுனியில் தூக்கினோம். இரண்டு சக்கரமும் ஒன்றாக எழும்பின. அவள் சிரித்தாள் என்று சொல்ல முடியாது. உதட்டில் பழைய கிழிசல் தழும்பு ஒரு பக்கமாக இழுத்தது.

மூன்றாவது ஞாயிறு வந்தது. பெரியப்பா வெள்ளை வேட்டி, கையில் தட்டு. பின்னால் மருமகன், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, செருப்பை வாசலில் ஜோடியாக ஒழுங்காக விட்டுவிட்டு வந்தான்.

"வாங்க சம்மந்தி. வாங்க மாப்ள" என்றேன். நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். மகள் சமையற்கட்டு வாசலில் நின்றாள். கார் கடப்பாக்கல் மேல் இருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு சம்மந்தி" என்றார் பெரியப்பா. "சின்னஞ்சிறுசுங்க. கோவத்துல ஒண்ணு ஆவறதுதான். பையன் தலையில அடிச்சி அடிச்சி அழுவுறான்."

"ஆமா அத்த" என்றான் அவன். "சொல்லப்போனா எனக்குத்தான் சோறு எறங்கல."

"சோறு ஆக்க ஆளில்லன்னா எப்படி எறங்கும்?" என்றாள் மகள்.

"பாத்தியா பெரிப்பா, இந்த வாய்தான்."

பெரியப்பா தட்டை என் முன்னால் நீட்டினார். மஞ்சள் கிழங்கு வெற்றிலையில் உருண்டது. மல்லிகை நல்ல மணமாக இருந்தது. என் கை தானாக எழும்பியது, பழக்கம். எழும்பிய கையைப் பார்த்தேன். மூன்று விரல் ஒன்று, ஐந்து விரல் ஒன்று. மடியில் போட்டுக்கொண்டேன்.

"ரெண்டு தபா நான் வாங்கிட்டேன் சம்மந்தி. இந்தத் தபா போறவ வாங்கட்டும்" என்றேன். "தட்ட ரெண்டு கையாலயும்தானே வாங்கணும்? ஒரு கையால வாங்கினா உங்களுக்கு மரியாத இல்ல. அவளுக்கு இப்ப ஒரு கைதான் கீது. இன்னொண்ணு வந்தப்பறம் வாங்க. அப்ப அவளுக்குத் தோணுனா வாங்கிக்கட்டும்."

பெரியப்பா தட்டை நீட்டியபடியே இருந்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கை இல்லியா? இத்த ஓட்டக் கை கீதா?"

எழுந்து சமையற்கட்டுக்குள் பாய்ந்தான். மகளை இடித்துத் தள்ளிவிட்டுக் கல்லின் மேலிருந்த காரைத் தூக்கித் தரையில் அறைந்தான். பச்சைக் கூடு இரண்டாகப் பிளந்தது. குதிகாலால் மிதித்தான். முன்பக்கத்துக் கை, சக்கரத்தைத் தாங்குகிற அந்த எலும்பு, சடக்கென்று ஒடிந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்னொரு தடவை மிதிக்கக் காலைத் தூக்கியபோது மகள் குனிந்து காரின் மேல் கையை வைத்தாள். மாவுக்கட்டுப் போட்ட கை. அவன் காலை நிறுத்தவில்லை. கட்டின் மேலேயே இறக்கினான்.

அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

"டேய்!"

பத்து வருஷமாக மாப்ள, வாங்க, போங்க என்று பேசின வாய். சட்டைக் காலரை வலது கையால் பிடித்து இழுத்தேன். பிரஸ்ஸில் தகட்டு மூட்டை தூக்கின தோள் எனக்கு, இன்னும் அது இருக்கிறது. சுவரில் ஒரு தடவை முட்டவைத்தேன். வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் என் வயிற்றில் முழங்கையால் குத்தினான், மூச்சு நின்றது, பிடியை விடவில்லை. வெளியே தள்ளினேன். தள்ளியதும் திரும்பி வந்து வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான், நாலு விரலும் உள்பக்கம்.

எங்கள் வாசலில் இரும்புக் கதவு. வெல்டிங் செய்தவனிடம் கனமாகப் போடச் சொல்லி வாங்கினது. அந்த நாலு விரலையும் நான் பார்த்தேன். பார்க்காமல் சாத்திவிட்டேன் என்று பிறகு எல்லாரிடமும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். விரல் இரும்புக்கு நடுவில் போனால் என்ன ஆகும் என்று இந்தத் தெருவில் என்னைவிடத் தெரிந்தவள் இல்லை. தெரிந்துதான் சாத்தினேன். உடம்பு முழுசையும் கதவின் மேல் சாய்த்துச் சாத்தினேன்.

அவன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாடியிலிருந்து காக்கை எழும்பிப் பறந்தது.

கதவைத் திறந்தேன். விரலைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டான். ஒன்றும் துண்டாகவில்லை. நகம் இரண்டு கிழிந்து ரத்தம், தோல் உரிந்து வீக்கம். பெரியப்பா தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பொம்பளயா நீ? ரவுடி! ஸ்டேஷனுக்குப் போவோம். கேஸ் குடுப்போம்."

"அஞ்சும் கீது பாருங்க சம்மந்தி, எண்ணிக்குங்க" என்று என் இடது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "எனக்குத்தான் கொறையுது."

அப்போதுதான் மகள் வெளியே வந்தாள். மாவுக்கட்டு விரிசல் விட்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. இடது கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த எக்ஸ்ரே கவர்.

"ஸ்டேஷனுக்குத்தானே பெரிப்பா? வாங்க. நானும் வரேன்" என்றாள். "மூணு தபாவும் சேத்து எழுதிக் குடுக்கறேன். நான் வழுக்கி வுழலன்னு இப்ப சொல்றேன்."

செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். அந்த ஜோடி மாறின செருப்பு. படியிறங்கித் தெருவில் நின்றாள். அவர்கள்தான் நகரவில்லை. பெரியப்பா அவனைப் பார்த்தார், அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பி, கைத்தாங்கலாக எதிர்ப்பக்கமாக நடத்திக்கொண்டு போனார். மகள் அவர்கள் பின்னால் போகவில்லை, ஸ்டேஷன் பக்கமாகவே நடந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். எழுதிக் கொடுத்தாள். இடது கையால் கையெழுத்துப் போட்டாள், கோழி கிளறின மாதிரி. ஆஸ்பத்திரியில் மறுபடி படம் எடுத்துப் புதுக் கட்டுப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெற்றிலையும் பூவும் வாசலில் மிதிபட்டுக் கிடந்தன. நான் பெருக்கப் போனேன். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று எனக்குள் ஒரு எண்ணம். பொய் எதற்கு, இருந்தது.

"சந்தோஷமா ஒனக்கு?" என்றாள்.

"இன்னாடி?"

"நீயும் அவனாட்டம்தான். ரெண்டு தபா தட்ட வாங்குனது நீ. இன்னிக்குக் கதவச் சாத்துனதும் நீ. என்னா வோணும்னு என்னிய ஒரு தபா கேட்டியா?"

விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன். நான் யாருக்கும் தலை குனிந்தவள் இல்லை. சூப்பர்வைசருக்குக் குனிந்ததில்லை, புருஷனுக்குக் குனிந்ததில்லை. அன்றைக்கும் குனியவில்லை. பெருக்கி முடித்தேன். கேட்டிருக்க வேண்டியது நான்தான் என்று இத்தனை நாள் கழித்து இங்கே சொல்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்று அவள் கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். துடைத்துக்கொண்டு காரை எடுத்தாள். ஒடிந்த பாகத்துக்குப் புதிது வரவழைத்து வைத்திருந்தாள். அதை மட்டும் மாற்றுவாள் என்று பார்த்தேன். இல்லை. நான் பூட்டிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றினாள். மேல் தட்டு, பெல்ட்டு, டேம்பர், கியர்ப் பெட்டி, எல்லாம். மறுபடி தட்டில் குவியலாகக் கிடந்தது, முதல் நாள் கிடந்த மாதிரி. நான் சரியாகச் செய்ததையும் கழற்றினாள். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடையிடையே மணிக்கட்டு வலித்தால் கையை உதறிக்கொள்வாள். மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். ஒரு ஸ்க்ரூ கூட என்னிடம் கேட்கவில்லை.

மோட்டாரை வைக்கும்போது புத்தகத்திலிருந்து அந்த பஸ் டிக்கெட்டை எடுத்தாள். பழைய பல் தடம் இருந்தது. திருப்பி, கடிபடாத பக்கத்தைக் கொடுத்தாள்.

கடைசியாக மேல் தட்டு. கடப்பாக்கல் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வா, புடி."

உள்ளங்கையை வைத்துப் பலமாக அமுக்கினேன்.

"அழுத்தாத. புடிச்சிக்கினா போதும்."

பிடித்துக்கொண்டேன். என் மூன்று விரல் கை காரின் மேல் கிடந்தது. அவள் எதிரெதிராக, பாதிப் பாதியாக, அவசரமில்லாமல் எட்டையும் முடுக்கினாள்.

அடுத்த ஞாயிறு கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். அவன் இருக்கிற ஊர் அது. வேலையும் அங்கேதான், அதனால் பயந்து ஒதுங்க முடியாது என்றாள். அவன் எதிரில் வந்தால் இருக்கட்டும் என்று வழியெல்லாம் என் முந்தானையில் ஒரு இரும்பு ஸ்பேனரை முடிந்து வைத்திருந்தேன், அதைக் கண்டுபிடித்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ரோலிங் மில்லின் உள்ளே பெரிய சிமெண்டுத் தரை, மேலே ஓட்டைத் தகரம். கார்கள் சீறிக்கொண்டு ஓடின, இடித்தன, கவிழ்ந்தன, யாரோ ஓடிப்போய் நிமிர்த்தினார்கள். என்னை டயர் அடுக்குக்குப் பின்னால் நிற்க வைத்தாள்.

பிளந்த பச்சைக் கூட்டை ஒட்டுப் போட்டு மாட்டியிருந்தாள். காரைத் தரையில் வைத்தாள். ரிமோட்டை இடது கையில் பிடித்து, சக்கரத்தின் மேல் வலது கை விரல்களை வைத்தாள். மணிக்கட்டை ஒருதடவை உதறிவிட்டு மறுபடி வைத்தாள். நான் டயருக்கு மேலாக என் கையை நீட்டிவிட்டேன், என்னை அறியாமல்.

"ஓரமா நில்லும்மா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நின்றேன். விசையை இழுத்தாள். நேராகப் போனது. கோடியில் பிரேக் பிடித்தாள், நேராக நின்றது.